நிலைபேறு எந்த வார்ட்டு?

மாகாணத்திலிருந்து மின்னஞ்சலில் வந்தது
நாற்பத்திரண்டு வரிசை, பன்னிரண்டு மாதம்.
தலைப்பு: நிலைபேறு அறிக்கை.
எட்டிப் பார்த்த தயாளினி மிஸ்ஸி
“மகப்பேறு தெரியும் சேர்,
இது எந்த வார்ட்டு?” என்றார்.
எனக்கும் தெரியாது.
பொகவந்தலாவைக்கு மேலே, பனி ஜன்னல் வழியே உள்ளே வரும்
இந்த ஆஸ்பத்திரிக்கு நான் அபிவிருத்தி உத்தியோகத்தன்.
மேசை மருந்துக் களஞ்சிய வாசலில்,
அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்த சேலைன் பெட்டி.

மின்சாரம் சுலபம், பில்லே சொல்லிவிடும்.
டீசலுக்கு விமலசிறி ஒரே கொப்பியில்
அம்புலன்ஸையும் ஜெனரேட்டரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.
பிரித்துத் தாருங்கள் என்றால்
“இருட்டுல ரெண்டும் ஒண்ணுதானே மாத்தையா.”
டிக்கோயா வரை ஏற்றிப்போன வயிற்றுவலியை
எத்தனை லீற்றர் என்று நான் பிரிப்பது?

கழிவு நிறுக்கத் தராசு இல்லை.
பக்கத்துத் தோட்டத்தில் இரவல் வாங்கினோம்,
கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு.
கொக்கியில் மஞ்சள் பை ஆடுகிறது.
முள் நிற்கும்வரை மூச்சு விடாமல் பார்க்கிறாள் மரியசெல்வம்.
“பைக்கு எவ்வளவு கழிக்கணும் சேர்?
மலையில ரெண்டு கிலோ கழிப்பாங்க,
மழை நாள்ல நாலு.”
இங்கே கழிக்க வேண்டாம் என்றேன்.
ஒன்பது வருடம் கொழுந்தெடுத்தவள், சிரித்துவிட்டாள்.
“குப்பைக்குத்தான் முழு நிறையும் போடுறாங்க.”
பதினொன்று புள்ளி நான்கு. எழுதினேன்.

நீர் வரிசையில் ஓகஸ்டுக்கு வந்ததும்
கட்டம் தானாகப் பச்சையாயிற்று.
அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்:
போன வருடத்தைவிடக் குறைந்தால் பச்சை,
கூடினால் சிவப்பு.

எனக்கு அந்த ஓகஸ்டைத் தெரியும்.
மேட்டு லயத்துக்கு மேலே மண் சரிந்து
குழாய் பெயர்ந்து ஓடையில் கிடந்தது
பத்தொன்பது நாள்.
நீர்மானி முள் அசையவில்லை.
பீலிக்கரையிலிருந்து நூற்று எழுபது படி.
நோயாளி பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வாளி.
பெரட்டு முடிந்த கையோடு நான்கைந்து ஆண்கள்,
பாடசாலைச் சப்பாத்தோடு இரண்டு பையன்கள்,
ஊசி போட்ட இடத்துப் பஞ்சு இன்னும் கையில் ஒட்டியிருக்க
ஒருத்தி.
பன்னிரண்டாம் நாள் இரவு
கீழ்ப்பிரிவிலிருந்து ஒரு தலைப்பிரசவம்.
சமையலறையில் விறகு மூட்டித் தண்ணீர் கொதித்தது.
ஆறு வாளி ஆயிற்று, தயாளினி எண்ணியிருந்தார்.
பெண் பிள்ளை. நிலைத்தது.
விறகுக்கு அறிக்கையில் வரிசை இல்லை,
தோளுக்கும்.

தொலைபேசி வந்தது:
“நீர்ச் சேமிப்பில் மாகாணத்திலேயே நீங்கள்தான் முதல்.
சிறந்த நடைமுறை என்னவென்று
குறிப்புக் கட்டத்தில் போடுங்கள்,
ஐம்பது எழுத்துக்குள்.”
சான்றிதழும் உண்டாம்.
பொறுப்பு டொக்டரிடம் சொன்னேன்.
சுவரை ஒரு தரம் பார்த்தார்.
“நீங்களே பார்த்து எழுதுங்க” என்று
ரவுண்டுக்குப் போய்விட்டார்.

தமிழுக்கு ஐம்பது போதவில்லை.
கணினி கொம்பை ஓர் எழுத்து என்கிறது,
காலை ஓர் எழுத்து, மேலே வைக்கும் புள்ளியும் ஓர் எழுத்து.
மெய் என்று அடித்தாலே
நான்கு போய்விடுகிறது.

கடைசியில் அடித்தேன்:
சேமிக்கவில்லை. குழாய் உடைந்தது. வாளியில் சுமந்தார்
அதோடு கட்டம் நிறைந்துவிட்டது.
‘கள்’ ஏறவில்லை.
மறுபடி அடித்துப் பார்த்தேன், ஏறவில்லை.

யாரோ ஒருவர் தனியாகச் சுமந்தது போல
அறிக்கை மாகாணத்துக்குப் போயிற்று.
பன்மை மட்டும்
வாளியோடு
படிக்கட்டில் நிற்கிறது.